மறுசோறு கேட்காத ஊர்

லியோன், பிரான்ஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

  உங்கள் மூட்டுவலி தேவலையா? போன வாரம் உங்கள் மருமகள் பிறந்தநாளுக்கு இந்த ஊர்ப் பெரிய ஓட்டல் ஒன்றில் சாப்பிட்டோம். நம் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் பந்தி விசாரிப்பு உங்கள் பொறுப்பு. இந்த விவரத்தை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

இங்கே ஓட்டல்களுக்கு மார்க் போடுவது யார் தெரியுமா? டயர் கம்பெனி. மிஷெலின் சகோதரர்கள் 1900-இல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். ஊர் ஊராகச் சுற்றினால்தானே டயர் தேயும்! 1926-இல் நல்ல ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். ஒன்று என்றால் போகிற வழியில் நிறுத்திச் சாப்பிடலாம். இரண்டு என்றால் கொஞ்சம் சுற்றிக்கொண்டும் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே வண்டி கட்டலாம். இந்த லியோன் வட்டாரத்தில், வீட்டு வேலைக்காரியாக இருந்து சமையல்காரியான எஜெனி பிராசியே என்ற அம்மாள் 1933-இல் தன் இரண்டு ஓட்டல்களுக்கும் மும்மூன்று நட்சத்திரம் வாங்கினார். ஆறு நட்சத்திரம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். இதைப் பெரியம்மாவிடம் சொல்லுங்கள். மற்றதைச் சொல்வதா வேண்டாமா என்று கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாங்கள் போன இடத்தில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். என் அட்டையில் விலை இருந்தது, அவள் அட்டையில் இல்லை. விருந்துக்கு வந்தவருக்கு விலை தெரியக் கூடாதாம். பழைய வழக்கம், சில இடங்களில் இன்னும் விடவில்லை. அவள் படு உற்சாகமாக, "இதுவும் என்னன்னு பாத்துடலாமே" என்று விரலை வைத்துக்கொண்டே போனாள். நான் தண்ணீரில் மிச்சம் பிடித்தேன். பாட்டில் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும் என்றேன். கேட்டால் காசு வாங்காமல் கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம். பரிமாறுகிறவர் முகம் சுளிக்காமல், பக்கத்து மேசையில் வைன் ஊற்றிய அதே பவ்யத்தோடு ஊற்றினார்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பைக் என்றொரு ஆற்று மீன், முள்ளுக்குப் பேர்போனது. அதன் சதையை அரைத்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்து, நீளவாக்கில் உருண்டை பிடித்து வேகவைத்து, ஆற்றுச் சிங்கி இறாலில் செய்த குழம்பை மேலே ஊற்றியிருந்தார்கள். முள்ளோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம். ஆனால் நாலே வாய். தட்டு காலியானதும் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் பந்தியாக இருந்தால் அந்தப் பார்வைக்கு இரண்டு பக்கமிருந்தும் வாளி வந்திருக்கும். இவர் வந்தார், "பிடித்திருந்ததா?" என்று கேட்டார், சிரித்தார், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். கவனிப்பில் ஒரு குறை கிடையாது. உங்கள் மருமகள் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவள் மடித்துணியைப் புதிதாக மடித்து வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நடுவே ஒருவர் வந்து, சட்டைப் பையிலிருந்து சின்னத் தகடு ஒன்றை எடுத்து, மேசைவிரிப்பில் சிந்திய ரொட்டித் தூளை வழித்துக்கொண்டு போனார். என் பக்கம் மட்டும் இரண்டு முறை வழித்தார். இவ்வளவு பார்க்கிற கண்ணுக்கு என் பசி மட்டும் படவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் நியாயமும் புரிகிறது. அளந்து வைத்தவரிடம் இன்னும் கேட்டால், அளவு தப்பு என்று சொன்னதாகிவிடும். நம் பக்கம், விருந்தாளி கேட்காமல் எழுந்தால் உங்களுக்கு அல்லவா அவமானம்!

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இவர்களும் எல்லாப் பதார்த்தங்களையும் ஒன்றாக மேசையில் பரப்பி, வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டவர்கள்தான். ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் ரஷ்யப் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. நான் கொஞ்சம் பிந்திப் பிறந்துவிட்டேன்.

அடுத்து பிரெஸ் என்றொரு வகைக் கோழி. வெள்ளைச் சிறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று இவர்கள் கொடியின் மூன்று நிறமும் அதன் மேலேயே இருக்கும். வளர்த்தவர் விவரம் பொறித்த வளையம் வேறு காலில். இத்தனை பெருமையுள்ள கோழியில் எனக்கு வந்தது இரண்டு துண்டு.

கடைசியில்தான் அதிசயம். சக்கரம் வைத்த வண்டியில் இருபது முப்பது வகைச் சீஸ்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொழுவ வாடை முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது. ஒன்றைக் காட்டினேன். வெட்டி வைத்துவிட்டு, "இதிலும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றார். பெரியப்பா, என் காதையே நம்ப முடியவில்லை. சரி என்றேன். "இது பக்கத்துக் கிராமத்தில் செய்தது, இதையும் பாருங்களேன்" என்றார். சரி என்றேன். மேசைக்கு அடியில் உங்கள் மருமகள் என் காலை மிதித்தாள். அதற்கும் சேர்த்துச் சரி என்றேன். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக, பாயச வாளியோடு நிற்கிற உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

பரிமாறும் கூலியும் விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால் தனியாக எதுவும் வைக்க வேண்டியதில்லை. அந்தச் சீஸ்காரருக்காக வைத்தேன்.

வீட்டு ஓடு மாற்ற அனுப்புகிறேன் என்ற பணம் அடுத்த மாதம்தான் வரும். பெரியம்மா கேட்டால் வங்கியில் தாமதம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்