ஓடும் பிள்ளையின் தகப்பனார்

தேவதானப்பட்டியின் தேநீர்க் கடை பெஞ்சில், ஒரு கையில் பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ்க் கட்டும் மறு கையில் ஸ்டாப்வாட்சுமாக அமர்ந்து, தேநீர் ஆறுவதையும் பொருட்படுத்தாமல் தம் புத்திரனின் நூறு மீட்டர் ஓட்ட மகிமையைப் பிரஸ்தாபித்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் காண்பீர்களாயின், அவரே நான் வர்ணிக்கப் புகுந்த தகப்பனார் என்று நிச்சயித்துக்கொள்ளலாம். காட்ரோட்டில் தொடங்கும் மலைச்சாலையின் உச்சியில், 1901-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் சர்வதேசப் பள்ளியின் கட்டணத்தை யாரோ சொல்லக் கேட்டு, அன்றிரவு நித்திரை கொள்ளாமல் புரண்ட பிறகே, படிப்பால் ஏற முடியாத படியில் கால்களால் ஏறலாம் என்ற ஞானோதயம் அவருக்கு உண்டாயிற்று.

மூங்கிலணைக் காமாட்சியம்மன் சந்நிதியில் கதவு திறப்பதேயில்லை. பூஜையெல்லாம் அடைத்த கதவுக்குத்தான். அத்தகைய ஊரில் பிறந்தவருக்கு, மூடிய வாசல்முன் நம்பிக்கையோடு நிற்பது சிரமமான காரியமா?

அவருடைய லட்சியம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி. உணவு, உறைவிடம், சீருடை, பயிற்சி யாவும் சர்க்கார் செலவு. சேர்க்கையோ ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு மட்டும். ஆகவே விடியுமுன் மஞ்சளாறு அணைச் சாலையில் பையன் ஓட, பின்னால் டி.வி.எஸ். மொபெட்டில் ஹாரன் அடித்தபடி தகப்பனார் தொடர்வார். மூச்சு வாங்குவது என்னவோ அவருக்குத்தான். உயரத்துக்கும் மதிப்பெண் உண்டென்று கேள்விப்பட்டது முதல் நிலைக்கதவில் பென்சில் கோடுகள் பெருகின. பிள்ளை வளருமுன் கோடு வளர்ந்தது. தெருவில் பையன் பம்பரம் விட்டு மகிழ்ந்திருந்தால், "வெளாண்டது போதும்டா, பிராக்டீசுக்கு நேரமாச்சு!" என்ற கர்ஜனை எழும்.

குறுவட்டப் போட்டியில் பையன் நான்காவதாக வந்தான். பி.இ.டி. மாஸ்டர் ஆறுதல் கூறினார். தகப்பனாரோ, மாங்காய் மண்டியில் வரத்தையும் விலையையும் கணக்கிட்டுப் பழகியவராதலால், ஓட்டத்தில் சரக்கு மிகுதி, கிராக்கி குறைவு என்று முடிவு கட்டினார். சென்னைப் பள்ளியொன்றில் மற்ற விளையாட்டுகளிலெல்லாம் இடம் நிரம்பிவிட்டபடியால் வாள்சண்டையில் சேர்ந்த பவானி தேவி, பின்னர் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் தங்கிப் பயின்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டில் பங்கேற்ற முதல் இந்தியரானார் என்ற சரித்திரத்தை அவர் செய்தித்தாளில் படித்தார். ஆரம்பத்தில் அப்பெண் மூங்கில் குச்சியால் பழகினார் என்ற வரியை இருமுறை படித்தார்.

நேற்று மாலை மஞ்சளாற்றங்கரையில் தந்தையும் தனயனும் ஆளுக்கொரு மூங்கில் கழியோடு எதிரெதிரே நிற்கக் கண்ட இருவர், குடும்பத் தகராறென்று பதறி, விலக்கிவிட ஓடினராம்.