பெரும்புள்ளி

நானுஓயா டவுனில் நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால், பில் வந்ததும் மூன்று பேருக்குக் காது அரிக்கும். நாலாவது ஆள்தான் நம்மவர். "விடுங்க, நான் போடுறேன்" என்று துள்ளி எழுவார். தாராள மனசு என்று ஏமாந்துவிடாதீர்கள். கார்டைத் தேய்த்த கையோடு, "ஆளுக்கு எவ்வளவுன்னு பார்த்துக் காசாக் குடுத்திருங்க" என்பார். காசு அவர் பையில், புள்ளி அவர் கார்டில்.

தொழில், மரக்கறி மொத்த வியாபாரம். லீக்ஸும் கரட்டும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போகும் லொறிக்கு டீசல், டயர், தோட்டத்துக்கு உரம், எல்லாமே கடன் அட்டையில்தான். பக்கத்து வீட்டார் கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கிளம்பினால், அழைக்காமலே வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். நகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கடையில் கார்டு மெஷின் இருக்கிறதா என்பதுதான் அவர் விசாரிப்பு.

இப்படிச் சேர்த்த புள்ளிகளை ஸ்ரீலங்கன் விமானச் சேவையின் ஃப்ளைஸ்மைல்ஸ் மைல்களாக மாற்றிச் சென்னைக்குப் பறந்தார். மருந்தடிக்கும் பம்பு விலை விசாரிக்க. கையிலிருந்து போனது விமான நிலைய வரிகள் மட்டும். வந்தவர், டிக்கெட்டின் முழு விலையையும் செலவில் எழுதிக் கணக்காளரிடம் நீட்டினார். கணக்காளர் தோட்ட லயத்தில் பிறந்து படித்து வந்த பையன். முகத்துக்கு அஞ்சுகிறவன் இல்லை.

"அண்ணே, டிக்கெட்டுக்கு நீங்க சல்லிக்காசு குடுக்கலையே?"

"புள்ளி குடுத்தேனே தம்பி! அது என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு? அத்தனையும் லொறி டீசல்!"

"டீசலைத்தான் ஏற்கெனவே செலவுல எழுதிட்டோமே. ஒரே டீசலை ரெண்டு தரம் எரிக்க முடியுமா?"

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் கழிக்க விடுவது, வருமானம் ஈட்டுவதற்காக உண்மையாகவே செய்த செலவை. விமான நிலைய வரியை எழுதலாம்; மிச்சம் கணக்கில் ஏறாது.

"சரிண்ணே, புள்ளிக்குக் காசு மதிப்பு உண்டுங்கிறீங்க. அப்போ அதை வருமானத்துல சேர்த்துடலாமா?"

இங்கேதான் நம்மவரின் முழு வித்தையும் வெளிப்படும். செலவுப் பக்கத்தில் பவுனாக மின்னிய புள்ளி, வருமானப் பக்கம் வந்ததும் வாசல் கோலமாகிவிடும். "அது வெறும் புள்ளி தம்பி! வெள்ளைக்காரனே விட்டுட்டான்!" அதில் பொய்யில்லை. 1996இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் பெய்ன் வழக்கில், வேலைப் பயணப் புள்ளிகளால் ஊழியருக்குக் கிடைத்த டிக்கெட் வருமானமல்ல என்றது. 2002இல் அமெரிக்க வரித் திணைக்களம், அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்கு எடுத்தால் வரி கேட்கமாட்டோம் என்று அறிவித்தது. மைல்களைக் காசாக மாற்றினால் இந்தச் சலுகை இல்லை என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. அந்த வாக்கியம் மட்டும் நம்மவர் வாயில் வராது. நம்ம நாட்டுச் சட்டத்துக்கும் அந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கரட் விலைக்குப் பேச்சு தாவிவிடும். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனுசன்.

வரி அறிக்கை கொடுக்கவேண்டிய நவம்பர் 30 நெருங்கியதால் கணக்காளர் சண்டையை நீட்டவில்லை. டிக்கெட்டை அடித்துவிட்டுக் கட்டவேண்டிய தொகையைச் சொன்னார். நம்மவர் முகம் வாடியது. வாடிய வேகத்திலேயே மலரவும் செய்தது.

"தம்பி, இந்த வரியைக் கார்டுல கட்டினா எவ்வளவு புள்ளி விழும்?"