பரிசலும் பறவையும்: திருவரங்கக் காவிரியில் திசை சொல்லும் முறை

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. மூங்கில் பிளாச்சால் பின்னி, அந்தக் காலத்தில் தோலும் இப்போது தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கும் போர்த்திய இவ்வட்டக்கலம், துடுப்பு ஓய்ந்ததுமே சுழலத் தொடங்கும். எனவே "வலது பக்கம் பாருங்கள்" என்பது இதில் பொருளற்ற வாக்கியம். சொல்லி முடிப்பதற்குள் வலது இடமாகிவிடும். ஸ்ரீரங்கத்தில் இச்சிக்கல் இல்லை. வடக்கே 236 அடி ராஜகோபுரம் (1987இல் கட்டி முடித்தது, பறவை நோக்கர்களுக்காக அல்ல), தெற்கே மலைக்கோட்டை, மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை. "கோபுரத்துப் பக்கம், நாணலுக்கு மேல" என்றால் பரிசல் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் குறி தப்பாது.

பருவம் குறுகியது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படும். வலசைப் பறவைகள் அக்டோபர் வாக்கில் வந்து மார்ச்சுக்கு மேல் கிளம்பும். ஆடி வெள்ளத்தில் பரிசல் இறக்க விடமாட்டார்கள். பங்குனியில் பறவை இருக்கும், பரிசல் தரைதட்டும். மிஞ்சுவது மார்கழியும் அரைத் தையும்.

இனங்களில் மடையான் தலையாயது. சேற்று நிறத்தில் கரையோரம் உட்கார்ந்திருக்கும்வரை கண்ணில் படாது. எழும்பினால் இறக்கை வெள்ளை வெளேரென்று தெரியும், ஆனால் அதற்குள் போய்விட்டிருக்கும். கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாராவைக் கண்டு முதல்முறை வருபவர்கள் "பாம்பு" என்று ஒரே பக்கமாக எழுவதுண்டு. பரிசல்காரர் "உட்காருங்க சாமி, அது எங்கயும் போவாது" என்பார். அதுவும் போகாது: இறகில் நீர் ஒட்டும் பறவையாதலால், கரையேறினால் நெடுநேரம் சிறகை விரித்துக் காயவைக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். பரிசலிலிருந்து பார்த்தால் அதுதான் சுற்றும்.

செம்பருந்து தனி வகை. ஸ்ரீரங்கத்தார்க்கு அது கருடன். கண்டதும் இரு கைகளும் கன்னத்துக்குப் போகும், பைனாகுலர் மார்பில் தொங்கும். ஆகவே அதன் வால் வட்டமா, கரும்பருந்தினுடையதைப் போலப் பிளவுபட்டதா என்று பார்த்தவர் குறைவு. ஐயத்துக்கிடமானவற்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வதே நடைமுறை; கரும்பருந்து இதுவரை ஆட்சேபித்ததில்லை.

எண்ணிக்கையில் எச்சரிக்கை வேண்டும். பாறையில் இருப்பது ஒரே நீர்க்காகம்தான் என்றாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது புதிதாகக் கண்ணில் படும். குறிப்பேட்டில் ஏறிய தொகையைப் பரிசல் சுற்றிய தடவையால் வகுத்துக்கொள்ள வேண்டும். மீதி வந்தால் அது கொக்கு.