மலைக்குப் போகும் குளிர்பெட்டி

எடுத்துச் செல்லும் குளிர்பெட்டி என்பது உள்ளிருக்கும் பண்டத்தின் சூட்டைப் பிடுங்கி, அதைச் சுமப்பவர் மடியில் கொட்டும் சாதனம். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை 1834-இல் பிரெஞ்சுக்காரர் பெல்டியர் கண்ட விளைவில் இயங்குவது: இருவேறு கடத்திகளின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். விலை குறைவு, பசி அதிகம். சுமார் 48 வாட்டை ஓயாமல் தின்னும். இரண்டாவது, கம்ப்ரசர் வகை. வீட்டு ஃபிரிட்ஜைப் போலவே விட்டுவிட்டு ஓடுவதால் சராசரியாக 15 முதல் 20 வாட்டில் அடங்கிவிடும், விலைதான் அடங்காது.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில், மே மாதத்திலேயே கம்பளி விற்கும் ஊர். அங்கே குளிர்பெட்டியைத் தூக்கிப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதுதான். ஊர் உருவான கதையே வேறு திசையில் இருந்தது. 1842-இல் கட்டப்பட்ட சென்னை ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி கப்பலில் வந்தது. ரயில் இல்லாத அந்நாளில் அது மதுரைவரை வந்து சேர வழியில்லை. 1845-இல் மதுரையின் அமெரிக்கப் பாதிரிமார்கள் பழனி மலைமேல் இரண்டு வீடுகள் கட்டிக் குடும்பத்தோடு ஏறிவிட்டார்கள். குளிர் கீழே வரவில்லை; ஆட்கள் மேலே போனார்கள். மின்மூலம், டோலி தூக்கியவர்களின் தோள்.

ஆனாலும் பெட்டிக்கு ஒரு நியாயம் உண்டு. அது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. கொடைக்கானலில் வாங்கிய வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட்டின் கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். மலையடிவாரத்து வத்தலக்குண்டின் கோடை அந்த எண்ணைக் காலை டிபனோடு கடந்துவிடும். பெல்டியர் பெட்டி வெளிவெப்பத்தைவிட 20 டிகிரி வரைதான் குறைக்கும். வெளியே 38 என்றால் உள்ளே 18, சாக்லேட் பிழைக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 55 என்றால் உள்ளே 35, சாக்லேட் பாயசமாகும். அதே பெட்டி கொடைக்கானல் விடுதி அறையில் முழுத் திறமையும் காட்டும். அதை அங்கே யாரும் கேட்கவில்லை.

மின்மூலங்களை இனி வரிசையாகப் பார்க்கலாம்.

பவர் பேங்க்: அட்டையில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிதாக இருக்கும். அது 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு; பெருக்கினால் 74 வாட்-மணி. மாற்றத்தில் போவது போக ஒரு பெல்டியர் பெட்டிக்கு ஒரு மணி நேரச் சாப்பாடு. சாதாரண யுஎஸ்பி வாய்வழி 10 வாட் மட்டுமே வெளியேறும் என்பதால் அந்தச் சாப்பாட்டையும் பரிமாற முடியாது. கைவிசிறிக்குப் போதும். கொடைக்கானலில் கைவிசிறி எதற்கு என்பது மின்னியலுக்கு அப்பாற்பட்ட கேள்வி.

ஈய-அமில பேட்டரி: 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி, எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம்: 42 வாட்-மணி. சீசன் நெரிசலில் கார் வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.

கார் சாக்கெட்: இன்ஜின் ஓடும்வரை இதைவிட நல்ல மூலம் இல்லை. பெட்ரோலை மிச்சம்பிடிக்க இன்ஜினை அணைத்து மலை இறங்குபவர் குளிரை மட்டுமல்ல, பிரேக்கின் பலத்தையும் இழக்கிறார். சாவியை எடுத்த பிறகும் உயிரோடிருக்கும் சாக்கெட்டில் பெட்டியை இரவெல்லாம் விட்டால் 4 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்தில் 40 ஆம்பியர்-மணி போகும். சிறிய காரின் பேட்டரி மொத்தமே அவ்வளவுதான். விடியும்போது சாக்லேட்டும் இளகியிருக்காது, காரும் அசைந்து கொடுக்காது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்: 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 256 வாட்-மணி; எடை ஏறக்குறைய அந்த ஈய பேட்டரி அளவே. பெல்டியர் பெட்டி மதுரைவரை தாங்கும். கம்ப்ரசர் பெட்டி சென்னையையே எட்டும். ஒரே நிபந்தனை: பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் ஏரியோரப் புல்வெளியில் உறைபனி படியும் ஊர் இது. பேட்டரியையும் போர்வைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சூரியத் தகடு: கொடைக்கானலில் 1901 முதல் சூரியனை ஆராயும் ஆய்வகம் இயங்குகிறது. இதை நம்பித் தகடு வாங்குவோர் உண்டு. குளிரில் தகட்டின் திறன் டிகிரிக்கு 0.4 சதவீதம் கூடும் என்பது உண்மை. மதியம் மஞ்சு இறங்கியதும் மீதி 99 சதவீதத்துக்கு யார் பொறுப்பு என்பதும் உண்மையான கேள்விதான்.

பனிக்கட்டி: ஒரு கிலோ உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும். 48 வாட் தின்னும் பெல்டியர் பெட்டி வெளியேற்றும் வெப்பம் அதில் பாதி இருந்தாலே அதிகம். ஆக, இரண்டு கிலோ பனிக்கட்டி எட்டு மணி நேரப் பேட்டரிக்குச் சமம். ஃபியூஸ் போகாது, சார்ஜரை விடுதியில் மறந்துவிட்டு வரவும் முடியாது. தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் உறையவைக்க நினைப்பவர், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதைச் சோதனைச் சாவடியில் தெரிந்துகொள்வார். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. உறையும் நீர் 9 சதவீதம் விரிவடையும் என்பதால் விளிம்புவரை நிரப்பலாகாது.

இனித் தேர்வு. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பெரும்பாலும் 25 டிகிரிக்குள் நான்கு வாரம் வெளியே வைக்கலாம். கொடைக்கானலில் அலமாரியே போதும். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைந்தால் கெடும். ஆகவே அதற்குக் கம்ப்ரசர் பெட்டியும் லித்தியம் பேட்டரியும். சாக்லேட்டுக்கும் சீஸுக்கும் மதுரைவரை பனிக்கட்டி. அதற்கப்பால் கார் சாக்கெட். பழனி வழியாக இறங்குவோர் வாங்கும் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி வாழைப்பழமும் வெல்லமும் தேனும் நெய்யும் இருக்கின்றன. கெடாமல் பார்த்துக்கொள்வது அதன் இனிப்பே. அதற்குப் பரிந்துரைக்கப்படும் மின்மூலம்: ஒன்றுமில்லை. டப்பாவின் மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும்.