மாட்டுறது நீதான் பேராண்டி

ஏப்பா பேராண்டி, பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, "கவர்மென்ட்டு கிரிப்டோவைத் தடை பண்ணிட்டா என்ன தாத்தா ஆகும்?"னு நம்ம மலைக் கிராமம் பள்ளங்கியில பூண்டு காயவச்சுக்கிட்டிருக்கிற கிழவன்கிட்ட கேக்குறியே, உனக்குச் சம்பளம் குடுக்குற புண்ணியவான் நல்லா இருக்கணும். கேட்டுட்ட, சொல்றேன். தடை எனக்குப் பழக்கம்தான். நான் பாத்த தடையை அடுக்கினா நம்ம மலை ரோட்டு வளைவை விட ஜாஸ்தி வரும்.

2003 ஜனவரியில ஜெயலலிதாம்மா லாட்டரிக்குத் தடை போட்டாங்க. கடையில கலர் கலரா தொங்கின சீட்டெல்லாம் ஒரே நாள்ல காணோம். லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, போர்டு மாட்டி வித்தவன் தெருவுக்கு வந்தான். துண்டுச் சீட்டுல மூணு நம்பர் எழுதிக் குடுக்குறவன் இருக்கானே, அவனுக்குத்தான் யோகம். அவனுக்குப் போர்டும் கிடையாது, வரியும் கிடையாது. கேரளாக்காரன் குலுக்கலு நடத்துறான், இவன் அதோட கடைசி மூணு நம்பரைப் பாத்துச் சத்தமில்லாம பணம் வாங்குறான். இன்னைக்கும் பேப்பரைப் பிரிச்சா, ஏதோ ஒரு ஊர்ல அவனைப் பிடிச்ச சேதி இருக்கும்.

தங்கத்துக்கும் தடை வந்துச்சு, தெரியுமா? சீனாச் சண்டை முடிஞ்ச கையோட, 1963 ஜனவரியில மொரார்ஜி தேசாய் சட்டம் போட்டாரு. புது நகை 14 காரட்டைத் தாண்டக்கூடாது. கட்டியா, காசா வச்சிருக்கிறவன் கணக்குக் காட்டணும். பொழப்புப் போனது பத்தருங்களுக்கு. நம்ம பொம்பளைங்க 14 காரட்டைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "இதைப் பித்தளைக்காரன்கிட்டயே குடு"ன்னுட்டாங்க. தங்கம் கடல் வழியா பிஸ்கட்டா வந்து இறங்குச்சு. கடத்தல்காரன் சீமானானான், சினிமாவுல வில்லனும் ஆனான். 1990-ல அந்தச் சட்டத்தையே தூக்கிப் போட்டாங்க. அதுக்குள்ள ஒரு தலைமுறைக்குக் கல்யாணம் முடிஞ்சு பேரன் பொறந்துருச்சு.

இப்ப உன் பிட்காயினுக்கு வர்றேன். அதை நேரா பிடிக்க முடியாதுன்னு ஆபீசருக்கும் தெரியும். அது பீரோவுலயா இருக்கு, பூட்டி சீல் வைக்க? ரூபா உள்ள போற வாசலு, வெளிய வர்ற வாசலு, இந்த ரெண்டைத்தான் அடைக்க முடியும். 2018 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் அதைத்தான் பண்ணுச்சு. இந்த யாவாரம் பண்றவனோட பேங்குக்காரன் எவனும் சகவாசம் வச்சுக்கக்கூடாது, மூணு மாசம் கெடுன்னுச்சு. ஜெப்பேன்னு ஒரு கம்பெனி செப்டம்பர்லயே எக்சேஞ்சை மூடுனான். கூட்டம் கலைஞ்சுருச்சா? வாட்சப்புல, டெலிகிராமுல ஆளுக்கு ஆள் கைமாத்திக்கிட்டானுங்க. 2020 மார்ச் 4-ல சுப்ரீம் கோர்ட்டு ரிசர்வ் பேங்கோட அந்தச் சுற்றறிக்கையை ரத்து பண்ணிருச்சு. தீர்ப்பு எழுதின ராமசுப்பிரமணியன் ஐயா மெட்ராஸ் ஹைகோர்ட்டுல ஜட்ஜா இருந்தவரு. ஆபத்துன்னு பயந்தா மட்டும் போதாது, பேங்குகளுக்கு என்ன சேதம் வந்துச்சுன்னு காட்டுங்கன்னு கேட்டாங்க. காட்ட ஒண்ணும் இல்ல.

சீனாக்காரன் நம்மள மாதிரி தயங்கல. 2021-ல காயின் தோண்டுற மிஷினையும் நிறுத்தினான், செப்டம்பர்ல மொத்த யாவாரமும் சட்டவிரோதம்னுட்டான். நெறைய மிஷினு கஜகஸ்தானுக்கும் அமெரிக்காவுக்கும் பொட்டி கட்டிருச்சு. மிச்சத்துல கொஞ்சம் அங்கேயே ஒளிஞ்சுக்கிட்டு ஓடுச்சு. நைஜீரியாவுலயும் 2021-ல பேங்குகளைத் தடுத்துப் பாத்தாங்க, 2023 டிசம்பர்ல அவங்களே விட்டுட்டாங்க.

ஆக, தடை வந்தா யாரு மாட்டுவான்? ஆதார், பான் கார்டு, மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் கணக்குத் தொறந்த நீ மாட்டுவ. 2022-லிருந்து லாபத்துக்கு 30 பர்சென்ட், விக்கிறப்ப 1 பர்சென்ட் டிடிஎஸ்ஸுன்னு கட்டிக்கிட்டு வர்ற பாரு, உன் வீட்டு விலாசம் அவங்க கையிலயே இருக்கு. நஷ்டத்தைக் கழிக்கவும் விடமாட்டாங்க. அம்புட்டுக்கும் தலையாட்டின நல்ல பிள்ளையைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. கறுப்புப் பணக்காரன் துபாய்ல காபி குடிச்சுக்கிட்டிருப்பான்.

அதுக்காகப் பயந்து இன்னைக்கே வித்துப்புடாத. 2021 நவம்பர்ல, பார்லிமென்ட்டுல வரப்போற மசோதாப் பட்டியல்ல கிரிப்டோ பேரு இருந்துச்சுன்னதும், நம்மாளுங்க ராவோட ராவா அடிமாட்டு விலைக்குத் தள்ளி விட்டானுங்க. அந்த மசோதா சபைக்கே வரல. வித்தவனைக் கேட்டுப் பாரு, இன்னும் வயிறு எரியும்.

டிடிஎஸ் சீட்டைக் கிழிச்சுப் போட்டுரலாமான்னு யோசிக்காத. கணக்கு உள்ளவனைத்தான தேடி வருவாங்கன்னு நான் சொன்னது நெசம். ஆனா 2024 ஜூலையில வசீர்எக்ஸ்ங்கிற எக்சேஞ்சுல திருட்டு நடந்து, அதுல இருந்த எல்லாரோட காயினும் முடங்குச்சுல்ல? ஒரு பொம்பளை தன் காயினைக் காப்பாத்துங்கன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போச்சு. 2025 அக்டோபர்ல ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோவும் சொத்துதான்னுட்டாரு. கைமாத்துல வாங்கின உன் சிநேகிதன் எந்தக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு அந்தப் படி ஏறுவான்?

அதனால சீட்டையெல்லாம் கொண்டாந்து குடு, பட்டா இருக்கிற தகரப் பெட்டியில வச்சுக்கிறேன். காயினைத் தொறக்குற அந்த 12 வார்த்தை இருக்குன்னியே, அதை மட்டும் எங்கிட்டச் சொல்லாத. இப்பல்லாம் எனக்கு ஞாபகசக்தி ரொம்ப நல்லா இருக்கு.