அம்பி முதல் ஆத்விக் வரை: மயிலை ஆண் மகவுப் பெயராய்வு

ஆய்வுக்களம்: மயிலாப்பூர் மாட வீதிகள், சோதனைக்காக தி. நகரும் அடையாறும். ஆய்வுமுறை: கூவல் முறை. அதாவது தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு பெயரைச் சத்தமாகக் கூவ வேண்டும். எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 'மணி' என்றால் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்புவார்கள். 'கபாலீஸ்வரன்' என்றால் ஒருவரும் திரும்பமாட்டார்கள். கோயில் எந்தப் பக்கம் என்று மட்டும் கை காட்டுவார்கள்.

கருதுகோள் இதுதான்: தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி எழுதி, குழந்தையின் காதில் மூன்று முறை ஓதப்படும் பெயர் கூப்பிடுவதற்கானது அன்று.

காரணம் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? மாமனார் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும்போது, "டேய் ராமசாமி, மூக்கைத் துடைடா" என்று எந்த மருமகள் சொல்வாள்? ஆகவே அம்பி பிறந்தான். அவனைத் தொடர்ந்து சீனு, கிச்சா, வெங்கு, வைத்தி என்று ஒரு பரம்பரையே பிறந்தது. செல்லப் பெயர்கள் செல்லத்தால் வந்தவை என்ற பழைய கொள்கையை இவ்வாய்வு நிராகரிக்கிறது. அவை மரியாதையால் வந்தவை.

நட்சத்திரக்காரர்களின் தரப்பையும் கேட்டுவிடுவோம். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு விதித்த எழுத்து 'ங'. ஆத்திசூடியில் இந்த இடத்துக்கு வந்த ஔவையாரே, சொல் கிடைக்காமல் அந்த எழுத்தின் உருவத்தையே உவமையாக்கிவிட்டு நகர்ந்தார். பச்சைக்குழந்தையின் அப்பா என்ன செய்வார், பாவம்!

குப்புசாமி கதை வேறு. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். பிச்சை என்ற பெயரும் இதே வகை. எமனுக்கு இது உயர்ந்த சரக்கு என்று தெரியக்கூடாது. நாட்டுப்புற மூடநம்பிக்கை என்று அடையாற்றுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஜப்பானையே ஆண்ட ஹிதேயோஷி, முதல் பிள்ளைக்கு 'விட்டெறிந்தது' என்று பொருள்படும் பெயரிட்டும் அது தங்கவில்லை. 1593இல் பிறந்த அடுத்த பிள்ளையை 'பொறுக்கி எடுத்தது' என்று அழைத்தார். ஆக, அவர் வீட்டிலும் ஒரு குப்புசாமி வளர்ந்தார்.

தாத்தா, நட்சத்திரம், எமன் மூவரையும் மீறிய பெயரும் சென்னையில் உண்டு. 1953 மார்ச் 1 அன்று பிறந்த பிள்ளைக்கு, அதே வாரம் மறைந்த சோவியத் தலைவரின் பெயரை இரங்கல் கூட்டத்திலேயே சூட்டினார் கருணாநிதி.

இன்றைய நிலைக்கு வருவோம். தி. நகர் துணிக்கடைக் கூட்டத்தில் கேட்கும் பெயர்கள் ஆத்விக், ரித்விக், விஹான், ரேயான்ஷ். மாமனாருக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மருமகள் தாராளமாகக் கூப்பிடலாம். ஆனால் இப்போது பாட்டிக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தில் ஒரு 'ஏ'யைக் கூட்டியிருக்கிறார்கள் என்றால், அதை எங்கே நீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் கூப்பிடுவது, "டேய் அம்பி!"

பெயர் முடிவாகாத பெற்றோர் அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிந்துவிடுங்கள், பெயரில்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம்.