நண்டில்லா நண்டுப் படங்கள்: ஒரு முதனிலை ஆய்வு

நாவலப்பிட்டிக்குக் கடல் இல்லை. இக்குறைபாட்டை அறிஞர் உலகம் இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை. ஊரை ஒட்டி ஓடும் மகாவலி 335 கிலோமீற்றர் நடந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது. ஆகவே ஆகஸ்ட் விடுமுறையில் நாவலப்பிட்டிக் குடும்பங்கள் வேன் பிடித்துத் திருகோணமலை போவது உல்லாசப் பயணம் அன்று. ஆற்றின் முடிவைச் சரிபார்க்கும் நீரியல் கள ஆய்வு என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. அப்படியானால் வேன் ஆற்றோரமாகப் போகாமல் மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று சுற்றுவானேன் என்று கேட்போர்க்கு விடை: “றோட்டு அப்படித்தான் போகுது” (சாரதி, வாய்மொழி).

பருவத் தேர்வு குறைகூற முடியாதது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவை நனைத்தெடுக்கும் மாதங்களில், மலைகளைத் தாண்டிய காற்று ஈரத்தை இழந்துவிடுவதால், கிழக்குக் கரை வெயிலில் காயும், கடலும் அடங்கிக் கிடக்கும். எனினும் ஆகஸ்டில் குடையில்லாமல் நாவலப்பிட்டியை விட்டுக் கிளம்புவது மரபன்று. அதன் அறிவியல் பயன் பின்னர் விளக்கப்படும்.

கரையோர நடையில் எடுக்கப்படும் உயிரினப் படங்களைப் பல வகையாகப் பிரிக்கலாம். காகம்: ஏராளம், கவனிப்பாரில்லை. நீலத் திமிங்கிலம்: மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை திருகோணமலைக்கு அப்பால் ஆழ்கடலில் தென்படுவது, படகுக் கூலியைக் கேட்டதும் ஆய்வெல்லையிலிருந்து நீக்கப்பட்டது. புள்ளிமான்: 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றிய தெருக்களிலும் உலவுவது. வாழைப்பழம் வைத்திருப்பவரை அது நெருங்கி வருவதால், எல்லா மான் படங்களும் மூக்குப் படங்களாகவே முடிகின்றன. புறாத்தீவின் மாடப்புறாக்களைப் பற்றித் தனிக் கட்டுரை வரும், அல்லது வராது.

எஞ்சுவது நண்டு. உப்புவெளி முதல் நிலாவெளி வரை மணலில் ஓடும் பேய் நண்டைத்தான் சொல்கிறோம். 1850களில் திருகோணமலையில் கடலுயிர்களை ஆராய்ந்த மருத்துவர் கெலார்ட், ஓடில்லாக் கடல் நத்தைகளை விவரித்துப் புகழ் பெற்றார். மெதுவாக நகரும் பொருளைத் தேர்ந்தெடுப்பதே புலமைக்கு முதற்படி என்பதை அவர் அறிந்திருந்தார். பேய் நண்டோ காம்பின் நுனியில் கண்ணை நிறுத்தி நாலாபுறமும் பார்க்கும். காலடி அதிர்வை மணல் வழியே உணரும். கைப்பேசியின் பூட்டைத் திறப்பதற்குள் குழிக்குள் போய்விடும். வெயில் ஏறினால் வெளியே வருவதே குறைவு. சில வேளை குழியின் வாயையும் மணலால் அடைத்துக்கொள்ளும். சோற்றுப் பார்சலை முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கரைக்கு வரும் ஆய்வுக் குழுவுக்குக் கிடைப்பது குழி மட்டுமே. அக்குழியைப் படம் பிடித்து, “நண்டு” என்று பெயரிட்டு, குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்புகிறார்கள்.

இது நண்டுப் படமா? அறிஞர் இரு அணியாக நிற்கின்றனர். எடுத்தவர் நண்டைக் கண்டிருந்தால் அது நண்டுப் படமே என்பது கம்பளை மரபு (முன்னிருக்கைக் குறிப்புகள், தம்புள்ளைச் சந்தைக்கு முன்). யாரும் காணாவிட்டாலும் குழியே போதும் என்பது நாவலப்பிட்டி மரபு (பின்னிருக்கைக் குறிப்புகள், இரண்டாம் தொகுதி, வாந்திப் பையால் இடையில் தடைப்பட்டது). இரண்டையும் இணைத்து, “நண்டு உள்ளேதானே இருக்கு, எங்க போயிரும்” என்ற கோட்பாட்டை நிறுவியவர் பெரியம்மா (கந்தளாய்க் குளக்கட்டு உரை, திருத்திய பதிப்பு, சித்தப்பாவின் மறுப்பும் அம்மறுப்புக்குச் சித்தியின் மறுப்பும் பின்னிணைப்பாக).

நாவலப்பிட்டி மரபினர் நகைப்புக்கு இடமானவர் அல்லர். கடற்கரையில் மனித நடமாட்டம் செய்யும் சேதத்தை அளக்கும் உயிரியலாளர்கள் உலகெங்கும் நண்டுகளை எண்ணுவதில்லை, குழிகளைத்தான் எண்ணுகிறார்கள். ஜே, யூ, வை எழுத்து வடிவங்களில் இறங்கும் குழிகளுக்குள் வார்ப்புக் கலவை ஊற்றி, வடிவத்தைத் தோண்டி எடுத்துக் கட்டுரை எழுதுகிறார்கள். பாறையில் படிந்த அத்தகைய தொல்குழிக்கு 1981இல் சைலோனிக்னஸ் என்று தனி அறிவியற் பெயரே சூட்டியாயிற்று. நண்டுக்கு ஒரு இலத்தீன் பெயர், அது இல்லாத இடத்துக்கு இன்னொன்று. பொருள் வெளியேறிய பின் ஓட்டையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்குவது கடற்கரைக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதை, நம் மொழித்துறை ஆய்வேடுகளைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.

குடையின் பயன் இங்கேதான். புவியியலாளர் பாறைப் படத்தில் அளவுக்குச் சுத்தியலை வைப்பது போல, நிலாவெளியில் எடுத்த மிகச் சிறந்த குழிப் படத்தில் குடை பக்கத்தில் படுத்திருக்கிறது. குழி வட்டம் பிசகாதது, விளிம்பு கூர்மையானது. இளம் நண்டின் புதுக் குழி என்று பெரியப்பா தீர்ப்பளித்தார் (நிலாவெளி அறிக்கை, இஞ்சிப் பிளேன்டீக் கறையுடன் கூடிய ஒரே மூலப்பிரதி).

அதைத் தானே அந்தக் குடையின் நுனியால் குத்தியதாகத் தங்கச்சியின் மகன் இடைமறித்துச் சொன்னான். மேற்கோள் எதுவும் காட்டாததால் அவன் கூற்று நிராகரிக்கப்பட்டது.